நெய்க் களிம்பு குதிகாலுக்கு, விரலிடுக்குக்கு இல்லை

சம்பா நடவு தொடங்கிவிட்டால் மன்னார்குடிப் பக்கம் எந்த வயலில் வேலை நடக்கிறது என்பதை, என்னிடம் வருகிறவர்களின் கால்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். போன வருடம் வந்த ஒரு அம்மாவுக்கு விரலிடுக்கெல்லாம் ஊறி வெளுத்து, நாற்றம் வேறு. அதன் மேல் நெய் பளபளக்கிறது. "வெடிப்புக்கு நீங்க குடுத்த நெய் மருந்துதானே டாக்டர், சேத்துப்புண்ணுக்கும் ஆகும்னு தடவினேன்" என்றார். தப்பு என்னுடையது. டப்பாவைக் கொடுத்தேனே தவிர, எதற்குப் போடக் கூடாது என்று சொல்லவில்லை.

நெய் முழுக்கக் கொழுப்பு, ஈரம் அரை சதவீதத்தைத் தாண்டாது. அதனால்தான் பித்தவெடிப்பில் தடவினால் தோலின் ஈரம் வெளியே போகாமல் மூடிக்கொள்கிறது, வெடிப்பும் இளகுகிறது. அதே மூடி சேற்றுப்புண்ணில் விழுந்தால் உள்ளே இருக்கும் ஈரம் அப்படியே தங்கிவிடும்; பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

வீட்டில் இந்த நெய் மருந்தைக் காய்ச்சுகிறவர்களும் இந்த ஈரத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். குப்பைமேனிச் சாற்றை நெய்யில் ஊற்றி, பச்சை நிறம் வந்ததும் இறக்கிவிடுவது. சாறு முழுக்கச் சுண்ட வேண்டும். எண்ணெய் என்றால் கடைசியில் நுரை எழும், நெய் என்றால் நுரை அடங்கும், அதுதான் அடையாளம். அடியில் தங்கும் கல்கத்தை, அதாவது மூலிகை விழுதை, திரி போலத் திரித்துத் தீயில் காட்டினால் சடசடக்கக் கூடாது. சத்தம் கேட்டால் ஈரம் இருக்கிறது, நாளாக நாளாகப் பூசணம் பிடிக்கும், சிக்கு வாடையும் வரும். இன்னொன்று, நம் ஊர் சித்திரை வெயிலில் வெறும் நெய் டப்பாவுக்குள் எண்ணெயாக ஓடும், மார்கழியில் கட்டிக்கொள்ளும். 100 கிராம் நெய்க்கு 15, 20 கிராம் தேன்மெழுகை உருக்கிச் சேர்த்தால் வெயில் காலத்திலும் களிம்பாக நிற்கும்.

தீக்காயம் பட்டவுடன் நெய் தடவுவது அறவே வேண்டாம், சூடு உள்ளேயே நிற்கும். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

அந்த அம்மாவுக்கு நெய்யை நிறுத்தினேன். வயலிலிருந்து வந்ததும் கால் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றிக் காயவிட்டு, அப்புறம் பூஞ்சை மருந்து. சர்க்கரை இருந்ததால் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்த்தேன். இப்போதெல்லாம் டப்பா மூடியில் 'ஈரப்புண்ணுக்கு வேண்டாம்' என்று எழுதித்தான் கொடுக்கிறேன், படிக்கத் தெரியாதவர்களுக்குக் குதிகாலைத் தொட்டு, "இங்க மட்டும்தாம்மா."