ஜாகீர்: சொல்லும் பொருளும்

ஜாகீர் பாரசீகச் சொல். 'ஜா' என்றால் இடம். 'கீர்' என்றால் பிடித்திருப்பது. உலகைப் பிடித்தவர் என்று பொருள்படும் 'ஜஹாங்கீர்' பட்டத்தில் இருப்பதும் இதே 'கீர்'தான்.

தமிழில் இதை 'நிலக்கொடை' என்றோ 'மானியம்' என்றோ எழுதுபவர்கள் உண்டு. இரண்டும் பொருந்தா. முகலாயர் ஆட்சியில் ஜாகீர் தரும்போது நிலம் கைமாறுவதில்லை. உழுதவர் உழுதுகொண்டிருந்தார், ஜமீன்தார் தன் பங்கை எடுத்துக்கொண்டிருந்தார். அரசுக்குச் சேரவேண்டிய வரியை வசூலித்துக்கொள்ளும் உரிமை மட்டுமே ஜாகீர்தாருக்குக் கிடைத்தது. சுருங்கச் சொன்னால், அது சம்பளம்.

அக்பர் காலத்து மன்சப் முறையில், அதாவது அதிகாரிகளைத் தரவரிசைப்படுத்தும் முறையில், ஒவ்வோர் அதிகாரிக்கும் இரண்டு எண்கள் உண்டு. 'ஜாத்' அவருடைய தகுதியையும் ஊதியத்தையும் காட்டும். 'சவார்' அவர் வைத்திருக்க வேண்டிய குதிரைப்படையைக் காட்டும். அந்தத் தொகைக்கு ஈடாக வரி வரும் ஊர்களை ஒதுக்குவார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் வேறு பகுதிக்கு மாற்றிவிடுவார்கள். ஓரிடத்தில் வேரூன்றியவன் அரசனையே எதிர்ப்பான் என்ற கணக்கு அது. ஆனால் நாளை கைவிட்டுப் போகும் ஊரில் ஜாகீர்தார் ஏன் ஏரி வெட்டப்போகிறார்? பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே பதினேழாம் நூற்றாண்டிலேயே இதைக் குறையாக எழுதினார்.

'வதன் ஜாகீர்' மட்டும் விதிவிலக்கு. பணிந்துவந்த ராஜபுத்திர அரசர்களுக்கு அவர்களுடைய பரம்பரை நாட்டையே ஜாகீராக எழுதிக்கொடுத்தார்கள். போரிட்டு அழிப்பதைவிடச் சம்பளப் பட்டியலில் சேர்ப்பது மலிவு! மதம் அதற்குத் தடையாகவில்லை. முஸ்லிம் அல்லாதோர் மீதிருந்த ஜிஸியா வரியை 1564இல் நீக்கிய அக்பர், ஆம்பேர் அரசர் மான்சிங்குக்கு 7000 மன்சப் வரை கொடுத்தார். 1678இல் மார்வார் அரசர் ஜஸ்வந்த் சிங் இறந்தபோது வாரிசு பிறந்திருக்கவில்லை. ஔரங்கசீப் அந்த நாட்டை அரசின் நேரடி வருவாய் நிலமாக, அதாவது 'கால்சா'வாக எடுத்துக்கொள்ள, மார்வாரை ஆண்ட ரத்தோர் குலத்தவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1679இல் ஜிஸியாவும் திரும்பி வந்தது.

தக்காணத்துச் சுல்தானகங்களான பீஜப்பூரும் (1686) கோல்கொண்டாவும் (1687) ஔரங்கசீப்பிடம் வீழ்ந்ததும் அங்கிருந்த பிரபுக்களும் மன்சப் பெற்று ஜாகீர் கேட்டு நின்றார்கள். கொடுக்க ஊர் இல்லை. 'பே-ஜாகீரி', அதாவது ஜாகீர் இல்லாமை, என்ற சொல்லே புழக்கத்துக்கு வந்தது.

தமிழகத்தில் ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகத் தந்தார். ஆங்கிலேயர் அந்தப் பகுதியையே 'ஜாகீர்' என்று அழைத்தார்கள். இடம் மாறாத ஜாகீர் அது, கடைசிவரை திரும்பவில்லை. சேலத்தில் ஜாகீர் அம்மாபாளையம் இன்றும் இருக்கிறது.

நிகரான தமிழ்ச் சொல்லைக் கல்வெட்டுகளிலேயே தேடலாம். பிழைப்புக்காக விடப்பட்ட நிலம் 'ஜீவிதப்பற்று', படைக்காக விடப்பட்டது 'படைப்பற்று'. பிடித்திருப்பது என்ற பொருள் 'பற்று' என்பதிலேயே இருக்கிறது. எனவே ஜாகீரை 'வரிப்பற்று' எனலாம். ஜாகீர்தாரைப் 'பற்றாளர்' என்றால் பக்தர் என்று நினைத்துவிடுவார்கள். அவர் ஜாகீர்தாராகவே இருக்கட்டும்.