‘சூழ்நிலை நகைச்சுவை’ வேண்டாம்: சிட்காமுக்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது?

‘சூழ்நிலை நகைச்சுவை’ என்ற சொல்லை இனி யாரும் எழுதாமல் இருந்தால் நல்லது. ஒரே இடத்தில், அதே ஆட்களை வைத்து வாராவாரம் வரும் சிரிப்பு நிகழ்ச்சியைக் குறிக்கும் ‘சிட்காம்’ என்பதற்குத் தமிழ் இதுதான் என்று பத்திகளிலும் கலைச்சொல் பட்டியல்களிலும் வந்துகொண்டே இருக்கிறது. போன மாதம் மதுரை கோரிப்பாளையம் பக்கம் நடந்த ஒரு வாசகர் கூட்டத்திலும் இதே சொல்தான். ‘பார்க்கத் தகுந்த சூழ்நிலை நகைச்சுவைகள் எவை?’ என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். பேசவேண்டிய விஷயம்தான். அந்த ஒரு சொல்லால் பேச்சு எங்கெங்கோ போய்விட்டது.

முதலில் எழுந்தவர் ஒரு பெரியவர். “சூழ்நிலைக்குத் தக்கபடி சிரிப்பு வரணும்னா, கரகாட்டக்காரன் வாழைப்பழக் காமெடிக்கு மேல என்னப்பா இருக்கு?” என்றார். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், “ஐயா, அது படம். நாங்க சொல்றது ஃப்ரெண்ட்ஸ், தி ஆபீஸ் மாதிரி டிவியில வர்றது” என்றது. “வாழைப்பழத்துலயும் சூழ்நிலைதானேம்மா இருக்கு?” என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. இருக்கவும் முடியாது. தலைப்பில் இருந்த சொல்லை வைத்துப் பார்த்தால் பெரியவர் சொன்னதுதான் சரி. அப்புறம் ஒருவர் ‘லொள்ளு சபா’ என்றார், இன்னொருவர் மேடையில் நின்று ஜோக் சொல்லும் போட்டிகளைச் சொன்னார். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாமல் எது நல்லது என்று எப்படி வாதாடுவது?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘சிச்சுவேஷன் காமெடி’ என்பதன் முதல் எழுத்துகளை ஒட்டிச் செய்த குறுக்கம் ‘சிட்காம்’. அமெரிக்க வானொலியில் வாராவாரம் அதே ஆட்களை வைத்து நடந்த சிரிப்பு நிகழ்ச்சிகள்தான் இதன் தாய்வீடு. தொலைக்காட்சியில் பிபிசி 1946-லேயே ஒன்று போட்டது. 1951-ல் வந்த ‘ஐ லவ் லூசி’, ரசிகர்களை எதிரே உட்காரவைத்து மூன்று கேமராக்களால் படம் பிடிக்கும் முறையை நிலைநிறுத்தியது. ‘காமெடி’ கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘சிச்சுவேஷன்’ லத்தீனின் ‘சிட்டுஸ்’ என்ற வேரிலிருந்து வந்தது. அந்த வேருக்குப் பொருள் இடம். வீட்டு மனையைச் ‘சைட்’ என்கிறோமே, அதற்கும் இதே வேர்தான். இந்த ‘இடம்’ என்ற பொருளைத்தான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்கவில்லை.

‘சூழ்நிலை’ என்று தமிழில் எப்போது சொல்கிறோம்? “இப்போ சூழ்நிலை சரியில்லை, கல்யாணத்தைத் தள்ளிப் போடுங்க” என்கிறோம். ‘சூழ்நிலைக் கைதி’ என்கிறோம். நம்மைச் சுற்றி அப்போதைக்கு உண்டாகி, நாளைக்கு மாறிவிடக்கூடிய ஒன்றுதான் சூழ்நிலை. சிட்காமில் உள்ள ‘சிச்சுவேஷன்’ இதற்கு நேர் எதிரானது. அங்கே மாறாமல் இருப்பதற்குத்தான் அந்தப் பெயர். ஒரு வீடு, ஒரு விடுதி, ஒரு அலுவலகம். அதில் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போக முடியாத, பிரிந்து போகவும் முடியாத நாலைந்து பேர். அரை மணி நேரத்துக்குள் என்ன களேபரம் நடந்தாலும் அடுத்த வாரம் எல்லாரும் பழைய இடத்தில், பழைய குணத்தோடு இருப்பார்கள். ‘மாஷ்’ என்ற தொடர் கொரியப் போரின்போது இயங்கிய ராணுவ மருத்துவமனை ஒன்றில் நடப்பது. அந்தப் போர் நடந்தது 3 ஆண்டுகள். தொடர் ஓடியது 1972 முதல் 1983 வரை 11 ஆண்டுகள். டாக்டர்களில் சிலர் மாறினார்கள், கூடாரம் மாறவில்லை. இதைச் ‘சூழ்நிலை’ என்று சொன்னால் உள்ளதைத் தலைகீழாகச் சொன்னதாக ஆகிறது.

இன்னொரு குறை, அந்தச் சொல்லின் பின்பாதியில் இருக்கிறது. நகைச்சுவை என்பது சுவை. சுவையைப் பார்க்க முடியாது, உணரத்தான் முடியும். ஆங்கிலத்தில் ‘காமெடி’ என்ற ஒரே சொல் அந்தச் சுவையையும் குறிக்கும், அந்தச் சுவை உள்ள நாடகத்தையும் குறிக்கும். தமிழில் அப்படி இல்லை. அதனால்தான் முன்னோர்கள் ‘இன்பியல் நாடகம்’, ‘துன்பியல் நாடகம்’ என்று நாடகம் என்ற சொல்லையும் சேர்த்தே எழுதினார்கள். ‘நேற்று ஒரு சூழ்நிலை நகைச்சுவை பார்த்தேன்’ என்று யாராவது வாயால் சொல்லிப் பார்க்கட்டும். வாக்கியம் காதில் ஒட்டாது. ‘சூழ்நிலை நகைச்சுவைகள்’ என்று பன்மை போட்டால் இன்னும் மோசம்.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் போயிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இருக்கிறது. தொல்காப்பிய உவமவியலில் ‘சிறப்பே நலனே காதல் வலியொடு அந்நாற் பண்பும் நிலைக்களம் என்ப’ என்று வருகிறது. உவமை எதில் ஊன்றி நிற்கிறதோ அது நிலைக்களம். மெய்ப்பாட்டியலில் ‘எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு என்ப’ என்கிறார் தொல்காப்பியர். தமிழ் வகுப்பில் இந்த நான்கையும் நகையின் நிலைக்களன்கள் என்றே சொல்லித் தருவார்கள். களம் என்றால் இடம். நிலை என்றால் மாறாதது. ‘சிச்சுவேஷன்’ என்ற சொல்லின் வேர்ப்பொருளும் இதில் வந்துவிடுகிறது, தொலைக்காட்சியில் அதற்கு ஏற்பட்ட பொருளும் வந்துவிடுகிறது. ஒரு கலைச்சொல்லிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

அந்த நான்கில் கடைசியாக நிற்கும் ‘மடன்’ என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மடம் என்பதற்கு உரைகாரர்கள் தரும் விளக்கம் ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’. மண்டையில் ஒன்று ஏறிவிட்டால் அதை விடவே மாட்டான் என்று பொருள். நல்ல சிட்காமில் நடு நாயகமாக இருக்கிற ஆள் எப்போதும் இந்த ரகம்தான். இங்கிலாந்தின் ‘ஃபால்டி டவர்ஸ்’ தொடரில் விடுதிக்காரர் பாசில் ஒரு சின்னப் பொய் சொல்வார். அதைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற மற்றொன்று. உண்மையைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், சொல்லவே மாட்டார். 1975-லும் 1979-லுமாக மொத்தம் 12 பகுதிகள்தான் எடுத்தார்கள். இன்றைக்கும் உட்கார்ந்து பார்த்தால் வயிறு வலிக்கிறது.

இந்த வடிவம் நமக்குப் புதிது என்று நினைப்பதும் தவறு. குமுதத்தில் 1963-லிருந்து பாக்கியம் ராமசாமி எழுதிய அப்புசாமி–சீதாப்பாட்டி கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதே தாத்தா, அதே பாட்டி, தாத்தாவின் அதே கூட்டாளிகள் ரசகுண்டு, பீமாராவ். தாத்தாவுக்கு ஒரு ஆசை வரும், பாட்டிக்குத் தெரியாமல் ஒரு திட்டம் போடுவார், மாட்டிக்கொள்வார். அடுத்த கதையில் அவர் திருந்தியிருக்க மாட்டார், பாட்டியின் பாட்டிகள் முன்னேற்றக் கழகமும் ஓயாது. அச்சில் வந்த சிட்காம் அது.

மதுரை வட்டாரத்துக்காரர்களுக்கு இதைவிடப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகத்தைக் கோயில் கொடைக்குக் கொடை பார்த்தவர்கள் நாம். நடிகர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து அன்று ராத்திரிக்கு மட்டும் வந்து சேருவார்கள். ஒத்திகை கிடையாது. வள்ளியும் முருகனும் வருவதற்கு முன்னால் பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் நடுரோட்டில் எதிர்ப்படுவார்கள், வாய்த்தகராறு தொடங்கும். இந்தக் களம் ஊருக்கு ஊர் மாறாது. வசனமும் லந்தும் மட்டும் அன்றைக்கு அன்றைக்குப் புதிது. களம் முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் பார்வையாளர் முதல் வரியிலேயே சிரிக்கத் தயாராகிவிடுகிறார். பாசிலின் விடுதி வாசல் தெரிந்ததும் அந்த ஊர்க்காரர்கள் சிரிக்கத் தொடங்குவதும் இதே காரணத்தால்தான்.

நிலைக்களம் என்ற கருத்து பிடிபட்டுவிட்டால் எது பார்க்கத் தகுந்தது என்ற விவாதமும் தானாக ஒழுங்குக்கு வரும். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: சிரிப்பு களத்திலிருந்தே வருகிறதா, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டப்படுகிறதா? இந்தியில் 2004-ல் வந்த ‘சாராபாய் வெர்சஸ் சாராபாய்’ இந்தக் கேள்வியில் முதல் வகுப்பில் தேறும். மேட்டுக்குடி மாமியார், சிக்கனக்கார மருமகள், பக்கத்துப் பக்கத்து வீடு. வேறு எதுவும் வேண்டாம். மருமகள் காய்கறி வாங்கி வந்தாலே ஒரு கதை. அமெரிக்காவின் ‘சைன்ஃபெல்ட்’ தேறும். கட்டிப்பிடித்துக் கண்ணீர் விடுவதும் கிடையாது, பாடம் கற்றுத் திருந்துவதும் கிடையாது என்று எழுதுகிறவர்கள் விதியே வைத்திருந்தார்கள். ‘ஃப்ரெண்ட்ஸ்’ பாதி தேறும். 1994 முதல் 2004 வரை 236 பகுதிகள். முன்பாதியில் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டிருப்பதே கதை. யார் யாருக்கு ஜோடி என்ற கேள்வி தலையெடுத்த பிறகு அது காதல் தொடராக ஆகிவிட்டது, சிரிப்பு அதற்குத் துணைக்கு வந்தது. தமிழில் நாகா இயக்கிய ‘ரமணி வெர்சஸ் ரமணி’யைச் சொல்லவேண்டும். ஒரு கணவன், ஒரு மனைவி, அவர்களுக்குள் ஓயாத அன்றாடச் சண்டை. அதை மட்டும் நம்பி நின்ற நாடகம் அது. ‘லொள்ளு சபா’வை எனக்கும் பிடிக்கும். ஆனால் அது வாரம் ஒரு படத்தைக் கிண்டல் செய்தது. நிலைக்களமே இல்லை. ஆகவே இந்தப் பந்தியில் அதற்கு இலை போட முடியாது, அது வேறு பந்தி.

சரி, மாற்றுச் சொல் என்ன? ‘நகைத்தொடர்’ என்று சிலர் எழுதிப் பார்க்கிறார்கள். சுருக்கமாக இருக்கிறது, ஆனால் நகைக்கடைகள் நிறைந்த தெற்காவணி மூல வீதி இருக்கிற மதுரையில் நகை என்றால் முதலில் தங்கம்தான் நினைவுக்கு வரும், தொடர் என்றால் சங்கிலி. ‘நகைச்சுவைத் தொடர்’ தேவலை. தவறு என்று சொல்ல மாட்டேன், மேலே நானே சில இடங்களில் ‘தொடர்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தச் சொல் கதை தொடரும் என்று எதிர்பார்க்க வைக்கிறது. சிட்காமில் ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் முடிந்த கதை. முந்தின வாரம் பார்க்காதவரும் இந்த வாரம் உட்கார்ந்து சிரிக்கலாம்.

எங்கள் வீடுகளில் சீரியலை யாரும் நெடுந்தொடர் என்று சொல்வதில்லை. “நாடகம் போட்டாச்சா?”, “ஏழு மணி நாடகம் முடியட்டும், சோறு போடுறேன்” என்றுதான் பேச்சு. சிரிப்பாக இருந்தால் ‘காமெடி நாடகம்’. மக்கள் வாயில் ஏற்கெனவே பாதி வேலை முடிந்திருக்கிறது. ‘காமெடி’யை எடுத்துவிட்டுச் ‘சிரிப்பு நாடகம்’ என்றால் படிக்காத பாட்டிக்கும் புரியும். வடிவத்தைப் பற்றி நுணுக்கமாகப் பேசும்போது ‘நிலைக்களச் சிரிப்பு நாடகம்’ என்று முழுதாக எழுதலாம். விமர்சனக் கட்டுரையில் ஒருமுறை முழுப்பெயர், அப்புறம் சிரிப்பு நாடகம். இதுதான் என் முடிவு.

நாடகம் என்றால் மேடை அல்லவா என்று கேட்கிறவர்கள், வானொலி நாடகத்தை இத்தனை வருடம் எந்த மேடையில் பார்த்தார்கள்? உண்மையான தயக்கம் வேறு. நாடகம் என்பது வீட்டுப் பெண்கள் சொல்லும் சொல், அதை எழுதினால் கட்டுரைக்குக் கனம் போய்விடும் என்ற எண்ணம் மொழிபெயர்ப்பாளர்களிடம் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் அகராதியைத் திறக்கிறார்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் இருக்கும் பொருளை எடுத்து அடுக்குகிறார்கள். அந்த நிகழ்ச்சியை அம்மா எந்தப் பெயரால் சொல்கிறாள் என்று பக்கத்து அறைக்குப் போய்க் கேட்பதில்லை. ‘ஸ்டாண்ட் அப் காமெடி’யை ‘எழுந்து நிற்கும் நகைச்சுவை’ என்று எழுதியதையும் பார்த்தேன். எழுந்து நிற்பது நகைச்சுவையா, ஆளா? தனியாள் சிரிப்புரை என்றால் தீர்ந்தது.

எல்லாவற்றிலும் குறை சொல்ல வரவில்லை. ‘சீசன்’ என்பதற்குப் ‘பருவம்’ என்று எழுதுவதைச் சிலர் எதிர்க்கிறார்கள், எனக்கு அது சரியாகவே படுகிறது. பாரதத்துக்கே பதினெட்டுப் பருவம் உண்டு. ‘எபிசோட்’ என்பதற்குப் ‘பகுதி’ போதும். ஒரு தொடரிலிருந்து பிரிந்து வரும் ‘ஸ்பின் ஆஃப்’ என்பதற்குக் ‘கிளை நாடகம்’ என்று வைத்துக்கொள்ளலாம், கிளைக்கதை என்ற சொல் நமக்குப் பழக்கமானதுதான். பதிவு செய்து காட்சியோடு சேர்க்கும் சிரிப்பொலியான ‘லாஃப் டிராக்’ என்பதற்குப் ‘பின்னணிச் சிரிப்பு’ என்று யாரோ எழுதியிருந்தார்கள், அருமையான சொல். ‘மாஷ்’ தொடரில் அறுவைச் சிகிச்சைக் காட்சிகளுக்கு மட்டும் பின்னணிச் சிரிப்பு சேர்க்கவில்லை என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை.

இப்போது வரும் சில வலைத்தொடர்களில் சிரிப்பும் இருக்கிறது, முதல் பகுதியில் தொடங்கிய கதை கடைசிப் பகுதியில்தான் முடிகிறது. அவற்றையும் சிட்காம் என்றே விளம்பரம் செய்கிறார்கள். அவை நிலைக்களச் சிரிப்பு நாடகம் ஆகா. ‘சிரிப்புத் தொடர்கதை’ என்று எழுதுங்கள்.