சொல் விளக்கம்: போனோ ப்ரீஆம்ப்

"ஆம்ப்ளிஃபயர்தான் இருக்கேடா, அதுக்கு முன்னாடி இன்னொரு ஆம்ப்ளிஃபயர் எதுக்கு?" என்று கேட்டார் சித்தப்பா. திருவாரூர்ப் பக்கம் முப்பது வருஷம் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, தேர்த்திருவிழா என்று குழாய் கட்டி ரிக்கார்டு போட்டவர். அவர் கேட்டது போனோ ப்ரீஆம்ப் பற்றி: ரிக்கார்டு பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைத்து, பிளேயர் தரும் மெல்லிய மின்னொலியைப் பெரிதாக்கும் கருவி. அவருக்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன்.

'போனோ' கிரேக்கத்திலிருந்து வந்தது. 'போனே' என்றால் குரல், ஒலி. எடிசன் 1877-ல் செய்த போனோகிராஃப் என்பதற்கு 'ஒலியை எழுதுவது' என்று பொருள். நம் கையில் இருக்கும் போனும் அதே வேரில் கிளைத்ததுதான். 'ப்ரீ' லத்தீன், முன் என்று அர்த்தம். ஆம்ப்ளிஃபயரும் லத்தீன் வழி வந்தது: பெரிதாக்குவது.

தமிழில் இதற்குப் 'பெருக்கி' என்ற நல்ல சொல் இருக்கிறது. இலங்கைத் தமிழர் 'விரியலாக்கி' என்பார்கள். எனக்குப் பெருக்கிதான் பிடிக்கும். பெருகு தன்வினை, பெருக்கு பிறவினை. ஆடி பதினெட்டில் காவிரிப் படித்துறையில் நின்று கும்பிடும் பெருக்கும், வாய்ப்பாட்டுப் பெருக்கலும் ஒரே வேர். இந்தக் கருவி செய்வதும் அப்பட்டமான பெருக்கல்தான். அந்தப் பெருக்கத்தை டெசிபலில் அளப்பார்கள்: மின்னழுத்தத்தில் 40 டெசிபல் என்றால் நூறு மடங்கு, 60 டெசிபல் என்றால் ஆயிரம் மடங்கு.

ஆனால் 'முன் ஒலிபெருக்கி' என்று எழுதிவிடக் கூடாது. ஒலிபெருக்கி என்றால் நம் ஊரில் ஸ்பீக்கர். முன் ஒலிபெருக்கி என்றால் பந்தலுக்கு முன்னால் கட்டிய குழாய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'முன்பெருக்கி' சரி. அதுவும் தனியாக நின்றால் போதாது, ஏனென்றால் மைக்குக்கும் முன்பெருக்கி உண்டு. 'இசைத்தட்டு முன்பெருக்கி' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இந்தக் கருவியின் வேலையில் பாதி, 'இசைத்தட்டு' என்ற முன்சொல்லில்தான் இருக்கிறது.

அந்தப் பாதி என்ன? தட்டின் பள்ளத்தை வயல் என்று வைத்துக்கொண்டால், பக்கத்துப் பள்ளத்துக்கும் அதற்கும் நடுவே இருப்பது வரப்பு. தவிலின் கனத்த அடியை உள்ளது உள்ளபடி வெட்டினால், பள்ளம் அகல அலைந்து வரப்பை உடைத்துக்கொண்டு அடுத்த வயலுக்குள் போய்விடும். அதனால் வெட்டும்போதே கீழ் ஒலிகளைக் குறைத்து, மேல் ஒலிகளைக் கூட்டிவிடுகிறார்கள். கேட்கும்போது முன்பெருக்கி அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். கூட்டிய மேல் ஒலியைக் குறைக்கையில் தட்டின் உரசல் சத்தமும் சேர்ந்து குறையும். இதற்கு அமெரிக்க ரிக்கார்டு கம்பெனிகளின் சங்கம் 1954-ல் வகுத்து, தன் பெயரையே கொடுத்த பொது அளவுதான் ஆர்ஐஏஏ. ஒலியின் நடுப்பகுதியான 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால், 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் ஏற்றமும் 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ அதே அளவு இறக்கமும் கொடுக்க வேண்டும். இதன் பெயர் சமனாக்கம்.

சித்தப்பாவுக்கு இது ஏன் தேவைப்படவில்லை என்பதும் இங்கேதான் விளங்குகிறது. முள்ளின் அசைவை மின்னொலியாக மாற்றும் பாகம் கார்ட்ரிட்ஜ். அவர் ஓட்டியவை செராமிக் கார்ட்ரிட்ஜ் வைத்த பிளேயர்கள். அவை சில நூறு மில்லிவோல்ட் தரும். அவற்றின் இயல்பே சமனாக்கத்தை ஏறக்குறையச் செய்துவிடும். நேராக ஆம்ப்பில் சொருகினால் பாடும்.

இன்று வீட்டில் வைக்கும் பிளேயரில் இருப்பது பெரும்பாலும் மூவிங் மேக்னெட், அதாவது இயங்கு காந்தம் என்ற வகைக் கார்ட்ரிட்ஜ். அது தருவது 5 மில்லிவோல்ட் அளவுதான். விலை கூடிய மூவிங் காயில் அரை மில்லிவோல்ட்டோ அதற்கும் கீழோ தரும். பிளஸ் டூவில் இயங்கு சுருள் கால்வனாமீட்டர் படித்தவர்கள் 'இயங்கு சுருள்' என்ற பெயரை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

புதிய முன்பெருக்கி வாங்கப் போகிறவர் முதலில் தன் கார்ட்ரிட்ஜ் எந்த வகை என்று பார்க்கட்டும். இயங்கு காந்தத்துக்கு 40 டெசிபல் பெருக்கமும் 47 கிலோ ஓம் சுமையும் வேண்டும். சுமை என்பது முன்பெருக்கி கார்ட்ரிட்ஜுக்குக் காட்டும் மின்தடை. இயங்கு சுருளுக்கு 60 டெசிபல் அளவும், பலவற்றுக்கு 100 ஓம் அளவுச் சுமையும் வேண்டும். இயங்கு காந்தத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு: பிளேயர் ஒயரின் மின்தேக்குத்திறனும் சுமையில் சேரும். அது மிஞ்சினால் மேல் ஒலி கூர்ந்து காதைக் குத்தும். முள் தேய்ந்திருந்தால் முன்பெருக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் முள் வாங்குங்கள். தேய்ந்த முள்ளை எந்தப் பெருக்கியாலும் சரிசெய்ய முடியாது, தட்டும் பாழாகும்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தை 78 சுழற்சித் தட்டில் வைத்திருக்கும் குடும்பங்களுக்குத் தேவை வேறு. 1954-க்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனி அளவில் வெட்டியது. சமனாக்கத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும், இடம் வலம் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் மோனோ சுவிட்சும் உள்ள முன்பெருக்கி கிடைத்தால் விடாதீர்கள். மோனோவில் போட்டால் பள்ளத்தின் மேல்கீழ் அசைவால் வரும் கரகரப்பு பெரிதும் அடங்கும். எல்பி என்னும் 33 சுழற்சித் தட்டுக்கான மெல்லிய முள்ளை மட்டும் அந்தத் தட்டில் வைக்க வேண்டாம். 78-க்கு நான்கு மடங்கு பருத்த முள் வேண்டும்.

என் புது முன்பெருக்கியை இணைத்த அன்று ஒரு நாதஸ்வர எல்பி போட்டேன். அடியில் ஒரே சுருதியில் ஏதோ இழைந்துகொண்டிருந்தது. நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்து இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே என்று பூரித்துப் போனேன். சித்தப்பா தலையை ஆட்டினார். "ஒத்து இல்லடா இது. எர்த்து."

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சமனாக்கம் அந்த இடத்தில் ஏறத்தாழ 17 டெசிபல், அதாவது ஏழு மடங்கு, கூடுதலாக ஏற்றும். அதனால் சாதாரண ஆம்ப்பில் காதுக்கு எட்டாத மின் இரைச்சல்கூட இதில் பாட்டோடு சேர்ந்து பாடும். பிளேயரின் பின்னால் ஒரு மெல்லிய கறுப்புக் கம்பி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தமிழில் அதற்குப் புவி இணைப்பு என்று பெயர். முன்பெருக்கியின் திருகில் அதைச் சுற்றி முடுக்கிவிட்டுத் தட்டை மறுபடி வைத்தோம். அப்போதுதான் உண்மையான ஒத்து கேட்டது.