விருந்தினர் வருமுன் ஹாலைக் காலி செய்கிறீர்களா? அந்த நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

பண்டிகை, விடுமுறை என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே வீடுகளில் வேலை தொடங்கிவிடும். பரணிலிருந்து சாமான் இறங்கும், அலமாரி இடம் மாறும், பழையது கழியும். நான் பிசியோதெரபிஸ்ட். விழுந்து எலும்பு முறிந்தவர்களின் வீட்டுக்கே போய் மறுபடி நடக்கப் பழக்குவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அதனால் இந்த நாட்கள் வந்தாலே எனக்கு ஒரு கவலையும் கூடவே வந்துவிடுகிறது.

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஓர் அம்மாவிடம் எப்படி விழுந்தார் என்று கேட்டேன். "நாற்காலியப் பிடிக்கக் கைய நீட்டினேன். அங்க நாற்காலி இல்ல" என்றார். உறவினர்கள் வரப்போகிறார்கள், ஹால் விசாலமாக இருக்கட்டும் என்று முந்தின நாள் சாயந்திரம்தான் அதை எடுத்து உள்ளறையில் போட்டிருக்கிறார்கள். செய்தவர் மகன். அவர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர்மேல் தப்பே இல்லை. நாற்காலி என்றால் உட்காருவதற்கு என்றுதானே யாரும் நினைப்போம்?

வயதானவர்களில் பலர் வீட்டுக்குள் கைத்தடி எடுப்பதில்லை. கட்டில் விளிம்பு, மேசை மூலை, நாற்காலியின் முதுகு, கதவு நிலை என்று ஒன்றை விட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டே போய்விடுவார்கள். பெரும்பாலும் அது கண்ணால் பார்த்து நடக்கிற நடையும் இல்லை, கையின் பழக்கம். பார்வை மங்கியவர்களுக்கும் ஞாபகம் தவறுகிறவர்களுக்கும் அந்தப் பழக்கமே வழிகாட்டி. சாமானைப் பிடித்து நடப்பது நல்ல முறை என்று நான் சொல்லவில்லை. அப்படி நடக்கிறவருக்குக் கைத்தடியா வாக்கரா, எது தேவை என்று ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டிக் கேட்டுவிட வேண்டும். ஆனால் அந்தத் துணை கைக்கு வருவதற்குள், இருக்கிற பிடிமானத்தை நாம் எடுத்துவிடக் கூடாது.

உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அதில் அதிகம் 60 வயதைத் தாண்டியவர்கள். உயிர் பிழைத்தாலும், இடுப்பெலும்பு முறிந்த எல்லோருக்கும் பழைய நடை திரும்புவதில்லை. விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே நடப்பதைக் குறைத்து, கால் இன்னும் வலுவிழந்துபோனவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனவே எதையும் நகர்த்துவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் பெரியவர் இருந்தால் ஒரு நாள் முழுக்க அவர் நடப்பதைக் கவனியுங்கள். கட்டிலிலிருந்து கழிவறைக்கு, அங்கிருந்து ஹாலுக்கு, சாப்பிடும் இடத்துக்கு. கை எங்கெங்கே படுகிறது என்று பாருங்கள். கை படும் சாமான்கள் அசையக் கூடாது, இடமும் மாறக் கூடாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் சொல்லிவிட்டு மாற்றுங்கள், புது வழியில் நாலைந்து முறை கூட நடந்து பழக்குங்கள். வாயால் சொன்னது மட்டும் போதாது. அரைத் தூக்கத்தில் எழுந்து போகும்போது கை பழைய இடத்தைத்தான் தேடும். மருந்துப் பெட்டி, கண்ணாடி, டார்ச் லைட் இவற்றுக்கும் இதேதான்.

இன்னொன்று, இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஹால் பளிச்சென்று ஆகும், அங்கே கிடந்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் தாத்தா பாட்டி அறைக்குப் போய்விடும். "அந்த ரூமுக்கு யாரு வரப்போறா?" என்பார்கள். இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து இருட்டில் நடக்கிறவர் இருக்கும் அறை அது. கட்டிலிலிருந்து கழிவறை வரை மூன்று அடி, அதாவது 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு வழி திறந்திருக்க வேண்டும். வாக்கரே சுமார் இரண்டு அடி அகலம், திருப்ப இடம் வேண்டாமா? ஆகவே வீட்டை ஒதுக்க ஆரம்பிக்கிறவர்கள் அந்த அறையிலிருந்தே ஆரம்பியுங்கள். தரையில் கிடக்கும் வயர், சுருண்டு நிற்கும் மிதியடி, கட்டிலுக்கடியில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி இதெல்லாம் முதலில் போகட்டும். பரண் அடுத்த வாரம் வரை காத்திருக்கும்.

அவர்களுடைய பொருளைக் கழிப்பதென்றால் அவர்களையே கேட்டுக் கழியுங்கள். கேட்காமல் எடுத்ததைத் தேடிக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறியவர்கள் உண்டு. தினமும் எடுக்கிற பொருள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் கைக்கு எட்டும்படி இருந்தால் குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம். அப்புறம், யாருக்காவது கொடுக்கலாம் என்று கட்டி வைத்த மூட்டை வாசல் பக்கத்திலேயே பல நாள் கிடக்கும். கட்டிய அன்றே அதை வெளியே அனுப்பிவிடுங்கள்.

வேலை செய்கிற உங்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாமான் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பலர் எல்லாவற்றையும் கடைசி இரண்டு நாளில் செய்தவர்கள். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம், ஒரு அலமாரி, அதோடு நிறுத்துங்கள். எழுந்த உடனே குனிந்து தூக்கும் வேலையை எடுக்காதீர்கள். இரவெல்லாம் படுத்திருக்கும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீரை இழுத்துச் சற்று உப்பியிருக்கும், அந்த நேரத்தில் குனிந்தால் அவற்றின்மேல் விழும் அழுத்தம் அதிகம். ஒரு மணி நேரமாவது போகட்டும். தூக்கும்போது பெட்டியை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். பாரத்தோடு இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். பரணுக்குப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற வேண்டாம். அகலக் கால் உள்ள ஏணி வேண்டும், கீழே பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும்போது பரண் வேலையே வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும், விருந்தினர் வருவதற்கு முந்தின இரவு, பெரியவரைக் கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒருமுறை நடக்கச் சொல்லுங்கள். தினமும் இரவில் எரிகிற விளக்கு மட்டும் எரியட்டும். நீங்கள் ஓரடி தள்ளிப் பக்கத்திலேயே நடந்து வாருங்கள். எங்கே தயங்குகிறார், எங்கே கை காற்றில் தேடுகிறது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் விளக்கையோ நாற்காலியையோ அப்போதே சரி செய்துவிடலாம். விருந்தினர் வந்து, பைகளையும் செருப்புகளையும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களையும் ஆங்காங்கே வைத்தபிறகு, முதல் நாள் இரவு படுக்கப் போகுமுன் அதே வழியில் இன்னொரு முறை நடந்து பாருங்கள்.