நுண்ணெகிழி: நொறுங்கும், மக்காது

மைக்ரோபிளாஸ்டிக் என்பதற்குத் தமிழில் நுண்ணெகிழி. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான நெகிழித் துணுக்கு, இழை, மணி எல்லாம் இதில் அடங்கும். 1 மைக்ரோமீட்டருக்கும் சிறியதை நானோநெகிழி என்று தனியே பிரிப்பவர்கள் உண்டு.

கிரேக்கத்தில் ‘மிக்ரோஸ்’ என்றால் சிறியது. ‘பிளாஸ்டிகோஸ்’ என்றால் உருக்கொடுக்கத் தக்கது. களிமண்ணை வனைவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல். கடலில் மிதந்த பிளாஸ்டிக் துணுக்குகள் பற்றி 1972இலேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. ஆனால் மைக்ரோபிளாஸ்டிக் என்ற பெயர் பரவியது, பிரிட்டனின் பிளைமவுத் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் தாம்சன் குழு 2004இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய பிறகுதான். 5 மி.மீ. என்ற மேல்வரம்பு, 2008இல் அமெரிக்காவின் டகோமா நகரில் நடந்த பட்டறையில் எடுத்துக்கொள்ளப்பட்டது. மண்ணிலும் இதைத் தேட வேண்டும் என்று பெர்லினின் மத்தியாஸ் ரில்லிக் 2012இல் எழுதினார். ஆக, இது கடலில் பிறந்து மண்ணுக்கு வந்த சொல்.

நெகிழ் என்னும் வினை நமக்குப் பழையது. காதலனைப் பிரிந்தவளின் வளை நெகிழ்கிறது, உள்ளம் நெகிழ்கிறது. சூட்டில் இளகி அச்சுக்கு ஏற்ப உருமாறும் பொருளுக்கு அதிலிருந்து நெகிழி என்று பெயர் வைத்தது பொருத்தம். பேக்லைட் போல ஒருமுறை இறுகினால் மறுபடி இளகாத வகைக்கு மட்டும் இது முழுதாகப் பொருந்தாது. ‘ஞெகிழி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். சங்க இலக்கியத்தில் அந்தச் சொல்லுக்குக் கொள்ளிக்கட்டை என்ற பொருள் இருப்பதால் நெகிழி என்பதே குழப்பமில்லாதது.

எழுத்துக்கூட்டலையும் பார்த்துவிடலாம். நுண் + நெகிழி = நுண்ணெகிழி. ணகரத்தை அடுத்து வரும் நகரம் ணகரமாகத் திரியும். தண்ணீர், கண்ணீர் அப்படி வந்தவையே. நுண்ணுயிர் என்பதிலும் அதே ‘ண்ண’ இருக்கிறது, ஆனால் விதி வேறு: அங்கே தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்ததால் இரட்டித்தது. ‘நுண்நெகிழி’ என்று பிரித்து எழுதினாலும் பொருள் கெடாது.

பொருள் கெடுவது வினைச்சொல்லில்தான். ‘நெகிழி மக்க 400 ஆண்டு ஆகும்’ என்பது போன்ற வாக்கியத்தை எங்கும் காண்கிறோம். மக்குதல் என்றால் நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் தங்கள் உடலாகவும் மாற்றுவது. வைக்கோல் மக்குகிறது. பாலித்தீன் வெயிலில் நொறுங்குகிறது. புற ஊதாக் கதிர் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்க, தாள் மொரமொரப்பாகிக் கையில் உதிர்கிறது. தக்காளி, தர்பூசணி வயல்களில் விரிக்கும் 25 மைக்ரான் மல்ச்சிங் ஷீட்டை, அதாவது நெகிழி மூடாக்கை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரின் எடை சுமார் 23 கிராம். அது 5 மி.மீ. சதுரங்களாக உடைந்தால் 40,000 துண்டு. உழவு முடிந்ததும் தாள் கண்ணுக்குத் தெரியாது. 23 கிராமும் மண்ணிலேயே இருக்கும். தாள் மெலிதாக இருந்தால் அறுவடைக்குப் பின் உரித்தெடுக்கும்போதே கிழிந்து பாதி மண்ணில் தங்கிவிடும். சீனா 2017இல் மூடாக்குத் தாளின் குறைந்தபட்சத் தடிமனை 0.008 மி.மீட்டரிலிருந்து 0.010 மி.மீட்டராக உயர்த்தியது இதனால்தான்.

நொறுங்குவதற்கும் மக்குவதற்கும் நடுவே குடியேறுதல் என்று ஒன்று இருக்கிறது. மண்ணில் கிடக்கும் துணுக்கின்மேல் பாக்டீரியாவும் பூஞ்சையும் பசைபோன்ற உயிரிப்படலம் கட்டி வாழ்கின்றன. சுற்றியுள்ள மண்ணில் இருக்கும் கூட்டமும் இந்தப் படலத்துக் கூட்டமும் ஒன்றல்ல. இதற்கு ‘பிளாஸ்டிஸ்பியர்’ என்ற பெயர் 2013இல், அட்லாண்டிக் கடல் நெகிழியை ஆராய்ந்தவர்கள் தந்தது. வேரைச் சுற்றிய மண்ணான ரைசோஸ்பியரை வேர்மண்டலம் என்று வேளாண் துறையில் சொல்லிப் பழகிவிட்டதால், இதை நெகிழிமண்டலம் என்பது இயல்பாக இருக்கும். குடியேறியவை நெகிழியைத் தின்கின்றன என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. பெரும்பாலானவற்றுக்கு அது வெறும் திண்ணை. அதில் ஒட்டிய கரிமப் பொருளும் கசியும் சேர்மங்களுமே உணவு. 2016இல் ஜப்பானின் சகாய் நகரில் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட ‘ஐடியோனெல்லா சகாயென்சிஸ்’ என்ற பாக்டீரியா உண்மையாகவே தின்றது. ஆனால் அது தின்றது, தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் வகை நெகிழியை. அதுவும் 30 டிகிரி செல்சியஸில், மெல்லிய படலத்தை, சுமார் 6 வாரத்தில். மூடாக்குத் தாள் பாலித்தீன். அதன் கார்பன் முதுகெலும்பை அறுக்க அந்தப் பாக்டீரியாவின் நொதியால் முடியாது.

மக்கும் மூடாக்கு என்று விற்கப்படுவதற்கும் அளவுகோல் கேளுங்கள். ஐரோப்பாவின் ஈஎன் 17033 தரப்படி, மண்ணில் 2 ஆண்டுக்குள் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். சீக்கிரம் உடையும்படி வேதிப்பொருள் சேர்த்த ‘ஆக்ஸோ’ வகை வேகமாக நொறுங்கும், அவ்வளவே. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து அதைத் தடை செய்துவிட்டது. உண்மையாகவே மக்கும் தாளிலும் ஒரு கவனம் வேண்டும்: கார்பன் மட்டும் மிகுந்த உணவு கிடைத்த நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிருக்குத் தற்காலிகமாகக் குறையலாம்.

மண்ணில் நுண்ணெகிழியை எண்ணும்போது தவறுவது உப்புக் கரைசலில்தான். மண்ணை 40 டிகிரியில் உலர்த்தி, 5 மி.மீ. சல்லடையில் சலித்து, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் வேர்த்துணுக்குகளை எரித்துவிட்டு, அடர்கரைசலில் மிதக்க விடுவார்கள். சோற்றுப்புக் கரைசலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம்தான். பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், 1.38 உள்ள பெட்டும், 1.4 அளவில் இருக்கும் பிவிசியும் மண்ணோடு அடியில் தங்கிவிடும். துத்தநாகக் குளோரைடு கரைசலை 1.6 அடர்த்தியில் தயாரித்தால் அவையும் மேலே வரும். எந்தக் கரைசல் என்று சொல்லாத எண்ணிக்கையை வேறொன்றோடு ஒப்பிட முடியாது. ஆய்வாளர் உடுத்திய பாலியஸ்டர் சட்டையின் இழையும் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால் பருத்தி உடையும், மண்ணில்லாத வெற்றுச் சோதனையும் கட்டாயம்.

கரிமக் கார்பன் சோதனைக்கும் இது பொருந்தும். பாலித்தீனின் எடையில் சுமார் 86 சதவீதம் கார்பன். மாதிரியை எரித்துக் கார்பன் அளக்கும் கருவிக்கு அது மக்கிய இலைதழையா, நெகிழித் தாளா என்று தெரியாது; நெகிழி மிகுந்த மண் வளமான மண்போல அறிக்கையில் வந்து நிற்கும். மாதிரி எடுக்கும்போதே கண்ணில் படும் தாள்களைப் பொறுக்கி, தனியே எடைபோட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.