போயிங் ஏன் இரண்டு முறை மூட்டை கட்டியது?

2001 மே மாதம் போயிங் தலைவர் ஃபில் காண்டிட் ஏறிய விமானம் எங்கே இறங்கப் போகிறது என்பது, அது மேலே எழும்பும் வரை ரகசியமாகவே இருந்தது. போயிங்கின் புதிய தலைமையகம் தங்களுக்குக் கிடைக்குமா என்று டல்லாஸ், டென்வர், சிகாகோ ஆகிய மூன்று ஊர்கள் காத்திருந்தன. கடைசியில் சிகாகோவுக்கு அடித்தது யோகம். 1916 முதல் சியாட்டிலில் இருந்த தலைமையகம் சுமார் 2,800 கிலோமீட்டர் தள்ளிப் போனது.

சிகாகோவில் விமானமா செய்தார்கள்? இல்லை. 747 விமானம் உருவான எவரெட் ஆலையும் 737 உருவான ரென்டன் ஆலையும் சியாட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தன. இடம் மாறியது சுமார் 500 பேர் வேலை செய்யும் அலுவலகம் மட்டும். எந்தப் பிரிவுக்கு எவ்வளவு பணம், எந்தக் கம்பெனியை வாங்குவது, யாரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று தீர்மானிப்பதுதான் அங்கே வேலை. அதற்கு வங்கியாளர்களும் வழக்கறிஞர்களும் தணிக்கையாளர்களும் கூப்பிடு தூரத்தில் வேண்டும். அவர்கள் குவிந்திருப்பது பெருநகரங்களில். அப்புறம், நாலா திசைக்கும் நேரடி விமானம் வேண்டும். விமானம் செய்கிற கம்பெனிக்கும் இதில் விலக்கு கிடையாது!

சரி, ஏன் 2001? விடை 1997இல் இருக்கிறது. அந்த ஆண்டு மெக்டோனல் டக்ளஸ் என்ற இன்னொரு விமானக் கம்பெனி போயிங்கோடு இணைந்தது. செயின்ட் லூயிஸ் ஆலையும் போர் விமானங்களும் கூடவே வந்தன. அதன்பின் சியாட்டில், பல பிரிவுகளில் ஒன்றின் ஊர், அவ்வளவுதான். ஆலைக்குப் பக்கத்தில் இருந்தால் தலைமை அன்றாட வேலைக்குள் இழுபட்டுவிடும் என்பது காண்டிட்டின் வாதம். சிகாகோவும் இல்லினாய் மாநிலமும் சேர்ந்து கொடுத்த சலுகை சுமார் 6 கோடி டாலர். 500 வேலைக்கு இது கொஞ்சம் அதிகம்தான். பெரிய பெயர் ஒன்று ஊரில் இருப்பதே விளம்பரம் என்று நகரங்கள் கணக்குப் போடுகின்றன.

2022இல் மறுபடி இடமாற்றம். இம்முறை வர்ஜீனியாவின் ஆர்லிங்டன். அமெரிக்க ராணுவத்தின் தலைமையிடமான பென்டகன் இருப்பதும் அங்கேதான். ஆற்றைத் தாண்டினால் வாஷிங்டன். விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.ஏ.வின் தலைமையிடம் அங்கே. 346 பேர் இறந்த இரண்டு 737 மேக்ஸ் விபத்துகளுக்குப் பிறகு போயிங் அதிகம் பேச வேண்டியிருந்தது அரசாங்கத்தோடுதான்.

பொறியாளர்களை விட்டு நிர்வாகம் விலகிப் போனதும் அந்த விபத்துகளுக்கு ஒரு காரணம் என்கிறார்கள் விமர்சகர்கள். பழியை முழுக்கத் தூரத்தின் தலையில் கட்ட முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 2024இல் போயிங்கின் தலைமை நிர்வாகியாகப் பொறுப்புக்கு வந்த கெல்லி ஆர்ட்பெர்க், தலைமையகம் ஆர்லிங்டனிலேயே இருக்க, தான் சியாட்டிலில் இருந்துதான் வேலை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.