இறக்கத்துக்கு ஒரு சட்டை எடுத்து வாருங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் அவசரப் பிரிவுக்குச் சைக்கிள்காரர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். அநேகமாக ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணிக்கு மேல். கோவை, திருப்பூர் பக்கத்துப் பிள்ளைகள். விடியுமுன் மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, கல்லாறு, பர்லியார் தாண்டிக் குன்னூர் ஏறி, டீ குடித்துவிட்டுத் திரும்பி இறங்கும்போது விழுந்தவர்கள். போன ஞாயிறு வந்தவர் இந்தப் பருவத்தில் நான்காவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவருக்கு 26 வயது. பர்லியாருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில், மழையில், சாலையோரச் சுவரில் மோதியிருக்கிறார். காறை எலும்பு முறிவு. ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னோம். தாடைக்குக் கீழே இருந்த கொக்கியை இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டுக் கையைத் தொங்கப் போட்டுவிட்டார். விரல்கள் மடங்கவில்லை. செவிலியர்தான் கழற்றினார். டீசர்ட்டைக் கத்தரித்து எடுத்து வாளியில் போட்டபோது ஊறவைத்த துணி மாதிரி சொத்தென்று விழுந்தது. உடல் வெப்பம் 34.3 டிகிரி செல்சியஸ். 35-க்குக் கீழே போனாலே அதற்கு ஹைப்போதெர்மியா என்று பெயர்.

“பிரேக் பிடிக்கலீங்க டாக்டர்” என்றார். சைக்கிளைப் பார்த்துவிட்டு வந்த நண்பரோ “பிரேக் நல்லாத்தானுங்க இருக்குது” என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். வேலை செய்யாமல் போனது கை.

“குளிர் தெரியலையா தம்பி?” என்று கேட்டேன். “ஏறும்போது வேர்த்துக் கொட்டுச்சுங்க, குளிரவே இல்லை.”

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. ஏறும்போது குளிராது, அதை யாரும் மறுக்கவில்லை. சைக்கிள் மிதிக்கும் உடம்பு தான் செலவழிக்கும் சக்தியில் கால்பங்கு அளவைத்தான் பெடலுக்குத் தருகிறது, மிச்சமெல்லாம் சூடு. நன்றாக மிதிக்கும் ஒருவர் 200 வாட் பெடலில் கொடுத்தால், 600 வாட்டுக்கு மேல் சூடாக வெளியே போகிறது. கிட்டத்தட்ட ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு ஏறுகிறீர்கள். உச்சியில் சைக்கிளைத் திருப்பி, மிதிப்பதை நிறுத்திய நிமிடமே அந்தப் பெட்டி அணைந்துவிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு தருவது 100 வாட் அளவுதான். அதே நேரத்தில், ஏறும்போது மணிக்கு 8 கிலோமீட்டராக இருந்த எதிர்க்காற்று 40 ஆகிறது. சூடு ஆறில் ஒரு பங்கு, காற்று ஐந்து மடங்கு. ஏறும்போது குளிரவில்லை என்பதை வைத்து இறக்கத்தைக் கணக்குப் போட்டால் விழாமல் என்ன செய்வீர்கள்?

இன்னொன்று. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி வீதம் குறையும் என்று வையுங்கள். கீழே 23 டிகிரியில் கிளம்பியவர் மேலே 14 டிகிரியில் நிற்கிறார், அதுவும் நனைந்துபோய். “ஊட்டி என்ன காஷ்மீரா டாக்டர், பனியா கொட்டுது?” என்று கேட்கிறார்கள். பனி கொட்ட வேண்டியதே இல்லை. மழையும் காற்றும் ஈரச் சட்டையும் சேர்ந்தால் 14 டிகிரி தாராளமாகப் போதும்.

சட்டை என்றதும் பருத்திக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். “காட்டன்தான் உடம்புக்கு நல்லது” என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கோவை வெயிலில் அது சரி. மலை மழையில் அதே குணம்தான் ஆளைச் சாய்க்கிறது. பருத்தி வியர்வையைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. காற்றுப் படப்பட அந்த ஈரம் ஆவியாகும், ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை உங்கள் உடம்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே வேலை. ஈரக் காட்டன் டீசர்ட்டோடு மலையிறங்கும்போது பானைக்குள் இருக்கும் தண்ணீர் நீங்கள்தான். மேலே ஒரு ஜாக்கெட் போட்டாலும் உள்ளே ஈரம் ஈரம்தான். தடிமன் உங்களைக் காப்பாற்றாது.

நடு உடம்பு குளிர்ந்தால், அதைக் காப்பாற்றுவதற்காகக் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தை உடம்பே குறைத்துக்கொள்ளும். விரல் மரத்துப்போவது அதனால்தான். நெஞ்சு நனைந்திருக்கக் கையுறை மட்டும் போட்டுப் பெரிய பலன் இல்லை.

சரி, என்ன செய்வது? உள்ளே போட பாலியஸ்டர் பனியன் வாங்குங்கள், திருப்பூரிலேயே கிடைக்கிறது. இன்னொன்றை பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி முதுகுப் பையில் வையுங்கள். குன்னூரில் டீ சொல்வதற்கு முன்னால், முன்னால் என்றுதான் சொல்கிறேன், ஈரத்தைக் கழற்றி இதை மாட்டுங்கள். அரைமணி நேரம் ஈரத்தோடு உட்கார்ந்து பேசிவிட்டு இறங்குவதுதான் நான் பார்க்கும் எல்லாக் கதைகளிலும் வருகிறது. மழைச் சட்டை இறக்கத்துக்கு மட்டும் போதும், ஏறும்போது போட்டால் உள்ளே வியர்த்து ஊறிவிடும். ஒன்றும் எடுத்து வரவில்லையா? டீக்கடையில் பழைய செய்தித்தாள் கேட்டு வாங்கி, நான்காக மடித்துச் சட்டைக்குள் நெஞ்சில் வையுங்கள். மெல்லிய கம்பளிக் கையுறைக்கு மேல் பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறை அருமையாக வேலை செய்யும்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சக்கர விளிம்பை ரப்பர் கட்டை அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக்காக இருந்தால், அந்தக் கட்டை முதலில் ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். வளைவுக்கு வெகு முன்பே லேசாகத் தொட ஆரம்பியுங்கள். சாலையில் கோடு போட்ட பெயிண்டும் நனைந்த சருகும் வழுக்கும். பனிமூட்டம் பகலிலும் இறங்கும், பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் இல்லாமல் ஏற வேண்டாம்.

“ஒரு கட்டிங் போட்டா சூடாயிடும்” என்று பிராந்தியைத் தேடுகிறவர்களுக்கு: அது தோலுக்கு ரத்தத்தை ஏற்றிச் சூடு போலக் காட்டும், உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும். தயவுசெய்து வேண்டாம்.

கூட வருகிறவரைக் கவனியுங்கள். பல் தந்தியடிப்பது உடம்பு இன்னும் போராடுகிறது என்பதற்கு அடையாளம். ஈரத்தோடு இருப்பவருக்கு நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, “பரவாயில்லை, போகலாம்” என்று மெதுவாகச் சொன்னால் பயப்படுங்கள். குடித்தவர் போலத் தெரிவார், குடித்திருக்க மாட்டார். வீட்டுத் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். பழைய பாதரசத் தெர்மாமீட்டரில் அளவே 35-லிருந்துதான் தொடங்கும். கைகாலைத் தேய்க்காதீர்கள், நெருப்புக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். ஈரத்தைக் கழற்றி, உலர்ந்த துணி, போர்வை, கிடைத்ததைச் சுற்றுங்கள். தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரை தூக்கலாக இளஞ்சூட்டில் டீ. 108-ஐக் கூப்பிடுங்கள்.

லேசாக நடுங்குகிறார், தெளிவாகப் பேசுகிறார், ஆனால் விரல் மடங்கவில்லை என்றாலும் சைக்கிளில் இறங்க விடாதீர்கள். கேரட், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போகும் வண்டிகள் அந்தச் சாலையில் போய்க்கொண்டே இருக்கும். கை காட்டுங்கள். சைக்கிளை மூட்டைகளுக்கு மேலே போட்டுவிட்டு, அவரை ஓட்டுநருக்குப் பக்கத்தில், எஞ்சின் சூடு படும் இடத்தில் உட்கார வையுங்கள்.